யாரும் அழுத்தாத பொத்தான்

அத்தியாயம் 11

“முதல்ல என் ரேடியோவோட வாயைப் பொத்தினது யாருன்னு கண்டுபிடிங்க. அப்புறமா அந்தப் பொண்ணு கொலைகாரியா இல்லையான்னு பார்க்கலாம்,” என்றார் ஆறாம் படுக்கை ரஷீதா.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. நெஞ்சில் நீர் கோத்து நாற்பது நாளாக ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருத்துவமனையின் இரண்டாம் மாடிப் பெண்கள் வார்டில் கிடக்கிறார். பலவீனமானது நெஞ்சுதானே தவிர வாய் இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் ஒன்று துணி சுற்றிக் கிடந்தது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பார்வையாளர் நேரம். அவரைப் பார்க்க வர ஆளில்லை. அந்த ஒரு மணி நேரமும் கால்பந்து வர்ணனைதான் அவருக்குச் சொந்தபந்தம்.

துப்பறியும் நஸீஹா எல்லூஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை. அவளுடைய உதவியாளன் லஸாத் அந்தப் பொறுமைக்கு நேர் எதிர். நாற்பது வயது வரை டிவி ரிப்பேர் பார்த்தவன், இப்போது நஸீஹாவின் காரை ஓட்டுகிறான், அவள் கேட்காத கருத்துகளையும் சொல்கிறான்.

பக்கத்திலிருந்த ஐந்தாம் படுக்கை காலியாக இருந்தது. பதினாறு நாளைக்கு முன்னால், பதினொன்றாம் தேதி மதியம், அதில்தான் லெல்லா பெய்யா ஷாபூனி இறந்து போனார். (அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை லெல்லா என்றும் ஆண்களை ஸீ என்றும் அழைப்பார்கள்.) ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டிய இதய மருந்தை, கட்டிலோரத்து டிரிப்ஸ் பம்ப் ஏழே நிமிடத்தில் உடம்புக்குள் கொட்டிவிட்டது. பம்புக்கு ஞாபகசக்தி உண்டு. அதைத் திறந்து படித்தபோது, ‘வேகம் கூட்டும் பொத்தான் அழுத்தப்பட்டது’ என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தது.

அந்த நேரத்தில் பணியிலிருந்த ஒரே நர்ஸ் தலேந்தா. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் விசாரணை நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். நின்றால் திரும்பி வீட்டுக்கு வர மாட்டாள், நேரே சிறைதான் என்று அவளுடைய வக்கீலே சொல்லிவிட்டார். புகார் கொடுத்தவர் இறந்தவரின் ஒரே மகன் ஹாதி. சமாதானம் பேசப் போன நர்ஸ்கள் சங்கத்தாரை அவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அதன் பிறகுதான் சங்கம் நஸீஹாவைத் தேடி வந்தது.

“வாயைப் பொத்தினதுன்னா எப்படி டீச்சர்?” என்றாள் நஸீஹா.

“கோல் விழப் போற நேரம் பார்த்துச் சத்தம் நின்னுடும். கொஞ்சம் வரும். மறுபடி நிக்கும். யாரோ கையை வச்சு வச்சு எடுக்கிற மாதிரி.”

“பேட்டரி தீர்ந்திருக்கும்,” என்றான் லஸாத்.

ரஷீதா அவனை மேலும் கீழும் பார்த்தார். “மூணாம் தேதி பொத்துச்சு. நானும் உன்னை மாதிரித்தான் நினைச்சேன், நாலாம் தேதி புது பேட்டரி போட்டேன். நாலாம் தேதி நல்லாப் பாடுச்சு. அஞ்சாம் தேதி மறுபடி ஊமை. அப்புறம் ஒம்பது. கடைசியா பதினொண்ணு, அந்தம்மா போன நாள். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். என்கிட்ட வந்து பேட்டரிங்கிறியே.”

நஸீஹா கைப்பையிலிருந்து தலேந்தாவின் குறிப்பேட்டை எடுத்தாள். இறப்புக்கு முன்னாலும் மூன்று முறை அந்தப் பம்ப் குறும்பு செய்திருக்கிறது. ‘வேகம் தானாக ஏறியது, பார்த்துக் குறைத்தேன்’ என்று மூன்று முறையும் தலேந்தா எழுதியிருந்தாள். மூன்று, ஐந்து, ஒன்பதாம் தேதிகள், மூன்றும் மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். இயந்திரம் தானாக எப்படியம்மா ஏறும் என்று தலைமை மருத்துவர் சிரித்துவிட்டுப் போயிருந்தார். நான்காவது முறை தலேந்தா வார்டின் அந்தக் கோடியில் வாந்தி எடுத்த ஒருத்திக்கு முதுகு தடவிக்கொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“நாலுமே ஒத்தைப்படைத் தேதி,” என்றான் லஸாத். “மேடம், இது ஒத்தைப்படையில மட்டும் வர்ற பேய்.”

“பேயை விடு. டீச்சர், சத்தம் நிக்கும்போது டிக் டிக்னு ஒரு விக்கல் மாதிரி கேட்குமா?”

“விக்கலே கிடையாது. சுத்தமா ஊமை.”

நஸீஹா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நல்ல துப்பு கிடைத்தால் அவள் கை தானாகக் கண்ணாடிக்குப் போகும். “கைபேசி பக்கத்துல இருந்தா டிரான்சிஸ்டர் விக்கும் லஸாத், முழுசா ஊமையாகாது. இது அழுத்திப் பேசி, விட்டுக் கேட்கிற ரேடியோ. கையில வச்சிருப்பாங்களே வாக்கி-டாக்கி, அது. பொத்தானை அழுத்திட்டுப் பேசும்போதெல்லாம் டீச்சரோட வர்ணனை செத்துடுது. அதே நிமிஷம் பம்புக்குக் கிறுக்குப் பிடிக்குது.”

“அப்போ பொத்தானை அழுத்தினது நர்ஸ் இல்ல?”

“ஏதோ ஒரு பொத்தானை யாரோ அழுத்தியிருக்காங்க. பம்போட பொத்தானை இல்ல.”

லஸாத் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தான். வாசலில் காவலாளி காக்கிச் சட்டையில் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். “அதோ நிக்கிறார் நம்ம ஆளு. இடுப்புல ரேடியோ உறை தெரியுது.”

எழுந்தபோது நஸீஹா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். “அந்தம்மாவைப் பார்க்க யார் யாரெல்லாம் வருவாங்க டீச்சர்?”

“மகன் மட்டுந்தான். ஒரு நாள் தவறினதில்ல. ஒரு நாள் இஸ்திரி போட்ட சட்டை, ஒரு நாள் டீசல் வாசனையோட நீலச் சீருடை. வந்ததும் திரையை இழுத்து விட்டுட்டு அம்மா கையைப் பிடிச்சுப்பார். கப்பல், கயிறு, அலைன்னு என்னென்னமோ கதை சொல்லுவார். அந்தம்மா கிளுகிளுன்னு சிரிப்பாங்க.” ரஷீதாவின் குரல் இறங்கியது. “எனக்கும் ஒரு பிள்ளை இருக்கான், வெளிநாட்டுல, லியோன்ல. அவன் வருஷத்துக்கு ஒரு தரம் போன் பண்றான்.”

கீழே காவலாளி ரேடியோ உறையைத் திறந்து காட்டினார். உள்ளே பாதி ரொட்டியும் இரண்டு ஆலிவும் இருந்தன.

“ரேடியோ நோன்புக்கு முன்னாடியே செத்துப் போச்சு அக்கா. அதுலேர்ந்து எனக்குத் தொண்டைதான்.” சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று ஜன்னல்கள் திறந்தன.

“இந்தத் தொண்டையையும் சோதனைக்கு எடுத்துட்டுப் போகலாம் மேடம். பம்ப் என்ன, கப்பலே கவிழ்ந்துடும்,” என்றான் லஸாத்.

நஸீஹா சிரிக்கவில்லை. மணி இரண்டரை ஆகியிருந்தது. நான்கு மணிக்குச் சோதனைக்கூடத்தில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. “யாருடைய ரேடியோன்னு அப்புறம் பார்ப்போம். ரேடியோவால பம்ப் கெடும்னு நிரூபிச்சாலே அந்தப் பொண்ணு தப்பிச்சா. என்னை இறக்கி விட்டுட்டு, எங்கேயாவது ஒரு ரேடியோ புடிச்சுட்டு வா.”

துனிஸ் சாலை, கிலோமீட்டர் ஒன்பது. ஆலிவ் எண்ணெய்க் கிடங்குகளைத் தாண்டினால் மின்காந்தச் சோதனைக்கூடம். நஸீஹா துப்பறிய வருவதற்கு முன் பதினோரு வருடம் இங்கேதான் குப்பை கொட்டினாள். உள்ளே ஒரு பெரிய இரும்பு அறை. சுவரெல்லாம் முழம் நீளக் கரும்பஞ்சுக் கூம்புகள். கதவை மூடினால் வெளியுலகத்தின் எந்த அலையும் உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகாது. சந்தைக்கு வரும் கருவிகளை அங்கே வைத்துத்தான் அலைகளால் அடித்துப் பார்ப்பார்கள்.

வழியில் லஸாத் கேட்டதற்கு அவள் விளக்கியிருந்தாள். ஒரு கருவி பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்யக் கூடாது, பக்கத்துக் கருவி தொந்தரவு செய்தால் தானும் நிலை தவறக் கூடாது, அவ்வளவுதான்.

“எங்க அடுக்குமாடியில ஒருத்தன் பாஸாக மாட்டான்,” என்று சொல்லியிருந்தான் அவன்.

கூடத்தின் தலைவர் முன்ஜி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மேசைமேல் இரண்டு பம்புகள் தயாராக இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் போல. ஒன்று, நான்கு வருடம் முன்பு சோதனையில் தேறிய மாதிரி, கூடத்தின் அலமாரியிலேயே இருந்தது. மற்றது வார்டிலிருந்து நீதிபதியின் அனுமதியோடு வந்தது. கொன்ற பம்ப் முத்திரை வைத்து நீதிமன்றத்தில் இருக்கிறது. இது அதே தொழிற்சாலையில், அதே வாரத்தில் பிறந்தது.

“இது என் கையெழுத்து நஸீஹா,” என்றார் முன்ஜி, பழைய அறிக்கையைத் தட்டி. “நான் பாஸ் போட்ட மெஷின். தப்பு என்னோடதா இருந்தா மறைக்காம எழுது.”

வெளியே பெஞ்சில் தலேந்தா உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. பதினாறு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நஸீஹா பக்கத்தில் போய் நின்றாள்.

“சாப்பிட்டியா மகளே?”

“லெல்லா நஸீஹா, ஒண்ணு கேட்கவா?” தலேந்தா தன் வலது ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் அழுத்திட்டு மறந்திருப்பேனோ? போகிற போக்குல கை பட்டிருக்குமோ? தினம் படுக்கும்போது யோசிச்சு யோசிச்சு, இப்பெல்லாம் அழுத்தின மாதிரியே ஞாபகம் வருது. மெஷின் பொய் சொல்லுமா?”

நஸீஹா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறைகூடப் பெரிதில்லை, இந்தப் பெண் தன் விரலையே நம்பாமல் மீதி வாழ்நாளைக் கழிக்கப் போகிறாளே என்று நினைத்தாள். “இன்னும் ஒரு மணி நேரம் பொறு. மெஷினையே கேட்டுடலாம்,” என்று மட்டும் சொன்னாள்.

நான்கு அடிக்கும்போது ஹாதி வந்தார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கட்டும் இழுவைப் படகின் தலைவர். நரைத்த மீசை, நீலச் சீருடை, உப்புக் காற்றில் காய்ந்த முகம். புகார் கொடுத்தவர் என்பதால் சோதனையை நேரில் பார்க்க அவருக்கு உரிமை இருந்தது. பெஞ்சைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டார்.

“அவளை என் கண்ணுல படாம உட்காரச் சொல்லுங்க. எங்கம்மா அவளை மகளே மகளேன்னுதான் கூப்பிட்டாங்க. அந்த வாயில மண்ணைப் போட்டுட்டா.”

“ஸீ ஹாதி, ஒரு மணி நேரம்தான். உள்ள வாங்க.”

அந்த இரும்பு அறைக்குள் எந்தக் கொம்பனும் கைபேசியோடு நுழைய முடியாது. கதவருகே ஒரு கூடை உண்டு. கைபேசி, கார் சாவி, அலை வீசும் எதுவானாலும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நஸீஹா பம்புகளுக்குத் தண்ணீர்ப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒவ்வொருவரும் கூடையில் போடும் சத்தம் கேட்டது. டக், டக், அப்புறம் ஏதோ கனமாக ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து லஸாத் மூச்சிரைக்க வந்தான். கையில் டூனா மீன் அடைத்த ரொட்டிதான் இருந்தது.

“கல்யாண மண்டபக் காவல்காரனைக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டான். டாக்ஸி ஆபீஸ்ல கேட்டேன், அவங்க இப்ப எல்லாம் கைபேசியிலதான் பேசுறாங்களாம். ரேடியோவே இல்லாத ஊரா போச்சு மேடம்.” ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு தன் கைபேசியைப் போடக் கூடைமேல் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். “அட, ஊரெல்லாம் தேடின பொருள் இங்க கூடையிலேயே கிடக்குதே.”

அவன் கையில் கறுப்பு ரேடியோ ஒன்று. தேய்ந்து மெருகேறிய தோலுறை.

“என்னோடதுதான். துறைமுகத்து ரேடியோ,” என்றார் ஹாதி. “டியூட்டி நாள்னா அது இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. வேணும்னா எடுத்துக்கங்க.”

“தினம் டியூட்டி இல்லையா ஸீ ஹாதி?” லஸாத் சாதாரணமாகத்தான் கேட்டான்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்.”

நஸீஹாவின் கை தண்ணீர்ப் பையிலேயே நின்றுவிட்டது. இன்றைக்குத் தேதி இருபத்தேழு. நீலச் சீருடை ஒரு நாள், இஸ்திரிச் சட்டை ஒரு நாள். இழுத்து விட்ட திரை. கப்பல், கயிறு, அலை என்று அவர் அம்மாவுக்குச் சொன்ன கதை. அவர் அம்மாவிடம் பேசவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே துறைமுகத்தோடு பேசியிருக்கிறார்.

கடவுளே, இது எனக்குத் தெரியாமலே போயிருக்கக் கூடாதா என்று நஸீஹா நினைத்தாள். புகார் கொடுத்தவர் பெயரைச் சந்தேகப் பட்டியலில் யார் எழுதுவார்கள்? இருபது வருடத்தில் அவள் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் திருப்தி இருக்கும். இன்றைக்கு நெஞ்சு முழுக்க ஈயம் போட்டது போலிருந்தது.

“வேண்டாம்,” என்றாள். “நாளைக்குக் காலையில வேற ரேடியோ ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

லஸாத் வியந்து பார்த்தான். “நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு நீதிபதி முன்னாடி நிப்பா மேடம்.”

“எனக்கும் சந்தேகம் தீரணும்,” என்றார் ஹாதி. “மெஷின் மேல தப்பா, அவ மேல தப்பா? எங்கம்மா விஷயம். என் ரேடியோ எதுக்கு ஆகாதுங்கிறீங்க?”

அவள் சொல்லாமல் இருந்தால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். பார்க்காமல் தடுத்தால் தலேந்தா உள்ளே போவாள். வேறு வழியே இல்லை. நஸீஹா அவர் அருகில் போய், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஸீ ஹாதி, இதுல வர்ற முடிவு உங்களுக்குக் கஷ்டமா இருக்கலாம். நீங்க வெளிய இருங்களேன்.”

“எனக்கு இதுக்கு மேல என்ன கஷ்டம் வரப் போகுது?” என்றார் அவர். ரேடியோவை லஸாத்தின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நானே அழுத்தறேன்.”

இரும்புக் கதவு மூடியது. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத அமைதி. கூடத்தின் பழைய பம்ப் முதலில் ஓடியது. திரையில் வேகத்தைக் காட்டும் எண் நான்கு. கீழே கண்ணாடிக் குவளையில் சொட்டு, ஒரு நிதானம், அடுத்த சொட்டு. ஹாதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். எண் நான்கிலேயே நின்றது. சொட்டும் மாறவில்லை.

“பார்த்தீங்களா?” என்றார். “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல.”

முன்ஜி வார்டுப் பம்பை முன்னால் நகர்த்தினார். எண் நான்கு. சொட்டு. ஹாதி அழுத்தினார். பழக்கதோஷத்தில் வாய் தானாகப் பேசியது. “ஹாதி பேசறேன். கயிறு ரெடியா?”

நான்கு பன்னிரண்டானது. நாற்பதானது. இருநூறைத் தாண்டியது. குவளையில் தண்ணீர் நூலாக இறங்கியது. யாருடைய விரலும் பம்பின்மேல் இல்லை. ஆனாலும் அதன் திரையோரத்தில் எழுத்துகள் ஓடின: வேகம் கூட்டும் பொத்தான் அழுத்தப்பட்டது. வேகம் கூட்டும் பொத்தான் அழுத்தப்பட்டது.

அவர் விரலை எடுத்தார். எண் ஏறுவது நின்றது. மறுபடி அழுத்தினார். ஏறியது. எடுத்தார், நின்றது. மூன்றாம் முறை அழுத்தவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு குவளையையே பார்த்தபடி இருந்தார். லஸாத் ரொட்டியைச் சட்டைப்பையில் செருகினான்.

ஹாதி வார்டிலும் இதே ரேடியோவில் பேசியது முன்ஜிக்கு இன்னும் தெரியாது. அவசர அவசரமாக இரண்டு பம்புகளின் மூடியையும் கழற்றினார். தேறிய பம்பின் மூடி விளிம்பு சுற்றிலும் வெள்ளி போல மின்னியது, வெறும் உலோகம். வார்டுப் பம்பின் விளிம்பில் பால் நிற வண்ணம் பூசியிருந்தது. ஒரு சொட்டு வழியாமல், ஒரு கோடு பிசகாமல், அவ்வளவு அழகாக.

“அடப்பாவிகளா,” என்றார். “விளிம்புல வண்ணமே படக் கூடாதுடா. உலோகமும் உலோகமும் தொட்டாத்தான் பெட்டி மூடின பெட்டி. நடுவுல வண்ணம் வந்தா ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி. அலை உள்ள போய்ப் பொத்தான் கம்பியிலதான் ஏறும்.”

வெளியே போய்த் தொழிற்சாலையின் வண்ணப் பட்டறைக்குப் போன் போட்டார். சோதனைக்கு வந்த முதல் பம்பைப் பொறியாளர்கள் கையாலேயே செய்து, விளிம்பில் நாடா ஒட்டி மறைத்து வண்ணம் அடித்திருக்கிறார்கள். நாடா ஒட்டச் சொல்லி யாரும் தாளில் எழுதி வைக்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் வந்த பெட்டிகளைப் பட்டறைக்காரர் பார்த்தார். விளிம்பு மட்டும் வெறுமனே கிடக்கிறதே, ஆஸ்பத்திரிச் சாமான் துருப்பிடித்தால் பாவமில்லையா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பூசினார். நானூறு பெட்டி. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் திரும்ப இங்கே கொண்டுவந்து சோதிக்கவில்லை. ஒரு தடவை தேறினால் போதும் என்று கம்பெனி நினைத்தது.

“அவர் போன்ல அழுறார்,” என்றார் முன்ஜி, உள்ளே திரும்பி வந்து. “நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணேங்கிறார்.”

ஹாதி அப்போதும் நாற்காலியை விட்டு எழவில்லை.

“மூணு,” என்றார், வழக்குத் தாளில் படித்த தேதிகளை எண்ணி. “அஞ்சு. ஒம்பது.” நிறுத்தினார். “ஏழாம் தேதி கப்பலே வரல. அன்னிக்கு நான் பேசல.”

நஸீஹா அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“பதினொண்ணாம் தேதி உப்புக் கப்பல் ஒண்ணோட கயிறு அறுந்து போச்சு. படகுல புதுப் பையன்கள். நான் சொல்லச் சொல்ல அவங்க கட்டினாங்க. ஏழு நிமிஷம் ஆச்சு. எழுந்து வராந்தாவுக்குப் போயிருக்கணும். எல்லாரும் வராந்தாவுக்குப் போய்த்தான் பேசுவாங்க. அம்மா கையைப் பிடிச்சிருந்தாங்க, விட மனசு வரல. பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காம ரேடியோவைக் காதோட ஒட்டி வச்சுத்தான் கேட்பேன். அப்புறம் பிடி தளர்ந்துது. தூங்கிட்டாங்கன்னு நினைச்சு, சத்தத்தைக் குறைச்சுப் பேசினேன்.”

“தப்பு அந்த விளிம்புல இருக்கு ஸீ ஹாதி. நீங்க உங்க வேலையைப் பார்த்தீங்க.”

“அறிக்கையில என் பேர் வருமா?”

“வரும். மறைச்சா அந்தப் பொண்ணு முழுசா வெளிய வர மாட்டா.” பொய் சொல்லி ஆறுதல் தர அவளுக்கு மனசு வரவில்லை. “ஆனா யார் குத்தம்னு எழுதுற இடத்துல உங்க பேர் இருக்காது. கம்பெனி பேர்தான் இருக்கும்.”

“நீங்க எழுதுறதை நீதிபதி படிப்பார். நான் படிக்கிறது வேற,” என்றார் ஹாதி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெளியே நடந்தார்.

பெஞ்சில் தலேந்தா எழுந்து நின்றாள். அவர் நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள். இந்தப் பதினாறு நாளும் அவர் அவளைப் பார்த்த பார்வை அப்படி.

“நீ அழுத்தல மகளே,” என்றார் ஹாதி. “நான்தான் அழுத்தினேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. நஸீஹாவைப் பார்த்தாள். நஸீஹா இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். தலேந்தா கேட்டு முடித்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாள் அழாத அழுகை எல்லாம் மொத்தமாக வந்தது.

“நாளைக்கு நீதிபதிகிட்ட நானே வந்து சொல்றேன்,” என்றார் அவர். “உன்னை என்னென்னமோ பேசிட்டேன். எங்கம்மா உன்னை மகளேன்னு கூப்பிட்டது சரிதான்.”

தலேந்தா கண்ணைத் துடைத்தாள். நர்ஸ் ஆயிற்றே, எதிரில் நிற்பவர் விழப் போகிறார் என்பது அவளுக்கு முதலில் தெரிந்தது. அவர் முழங்கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“நீங்க ரேடியோவுல பேசும்போது அம்மா கண்ணை மூடிக் கேட்டுட்டு இருப்பாங்க,” என்றாள். “நீங்க போனப்புறம் என்கிட்ட சொல்லுவாங்க. ‘என் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னா கப்பலே நிக்கும், கேட்டியா’ன்னு. ஒரு தரம் இல்ல, நூறு தரம் சொல்லியிருப்பாங்க.”

ஹாதி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். லஸாத் திரும்பி நின்று சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான்.

அப்போதுதான் ரேடியோவுக்கு உயிர் வந்தது. இரும்பு அறைக்குள் செத்துக் கிடந்தது, வெளியே வந்ததும் துறைமுகத்தின் குரலைப் பிடித்துக்கொண்டது.

“ஹாதி அண்ணே, கேட்குதா? கப்பல் துறைமுக வாசலுக்கு வந்துடுச்சு. கயிறு போடவா வேண்டாமா? அண்ணே?”

அவர் ரேடியோவைப் பார்த்தார். கட்டை விரல் பொத்தானுக்குப் போனது, விலகியது.

“ஹாதி அண்ணே, பதில் சொல்லுங்க.”

“பேசுங்க,” என்றாள் தலேந்தா மெதுவாக. “இங்க யாருக்கும் மருந்து ஏறல.”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். எழுந்தார். முற்றத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி எதிரிலிருந்த ஆலிவ் தோப்புக்குள் போனார். மரங்களுக்கு நடுவே நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. இன்னும் பத்தடி உள்ளே போனார்.

அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.